எந்த மெஷினை எடுப்பது? கட்டட வேலை இயந்திரத் தெரிவு பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடிகால், மதகு, வீட்டு அத்திவாரம், உள்வீதி என்று வேலை செய்கிற சிறிய ஒப்பந்தகாரர்கள் இயந்திரம் வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பதில்களில் கொஞ்சம் கணக்கு வரும். பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தவர் எவரும் பேனையும் தாளும் எடுத்து என்னோடு சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.

விலையையும் இயந்திரத்தின் வலுவையும் பார்த்தால் போதாதா?

போதாது. இதை நான் காசு கொடுத்துத்தான் படித்தேன்.

சில வருடங்களுக்கு முன் உரும்பிராய்ப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் வடிகால் வெட்டும் வேலை. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் கிடுகு வேலி. முதல்நாளே போய் அகலத்தை அளந்தேன், பெக்கோ (முன்னால் அகப்பையும் பின்னால் தோண்டும் கையும் உள்ள டயர் மெஷின்) உள்ளே போகும் என்று கண்டேன். காலையில் மெஷின் வந்தது. இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு மெதுவாக உள்ளே போய் முதல் வாளி மண்ணைத் தூக்கியது. தூக்கிய வாளியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு ஒப்பரேட்டர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்: "அண்ணை, இந்த மண்ணை எங்கை போடுறது?"

பக்கத்தில் டிப்பர் நிற்க இடமில்லை. கையைத் திருப்பினால் மதில் இடிக்கும். ஒவ்வொரு சில அடிக்கும் மெஷினைப் பின்னுக்கு எடுத்து, சந்தியில் கொண்டுபோய் மண்ணைக் கொட்டி வந்தோம். மூன்று நாள் வேலை ஒன்பது நாள் இழுத்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. நான் அளந்த அளவுதான் பிழை. உடம்பின் அகலத்தை அளந்தேன், கை திரும்பும் வட்டத்தை அளக்கவில்லை.

விலை, வலு, வாளியின் கொள்ளளவு எல்லாம் விற்பவர் தரும் தாளிலேயே இருக்கும். ஒழுங்கையின் அகலமோ, பாகம் வர எத்தனை நாள் செல்லும் என்பதோ அந்தத் தாளில் இராது. அவற்றையும் கணக்குக்குள் கொண்டுவரத்தான் பல அளவுகோல் தெரிவு முறைகள்.

பல அளவுகோல் தெரிவு என்றால் என்ன?

ஒன்றோடொன்று இழுபடுகிற பல தேவைகளை ஒரே மேசையில் வைத்து முடிவெடுப்பது. மலிவான மெஷின் அடிக்கடி நிற்கும். பலமான மெஷின் ஒழுங்கைக்குள் வராது. சின்ன மெஷின் வரும், ஆனால் கல்லை உடைக்காது. எல்லாவற்றிலும் முதலாவதாக வரும் மெஷின் கிடைத்தால் கணக்கே வேண்டாம், வாங்கிவிடலாம். அப்படி ஒன்று பெரும்பாலும் கிடைப்பதில்லை.

அதற்கு நான்கு வேலைகள்: அளவுகோல்களை எழுதுவது, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியம் என்று எண் கொடுப்பது (இதை 'நிறை' என்போம்), ஒவ்வொரு மெஷினுக்கும் புள்ளி போடுவது, கூட்டிப் பார்ப்பது. முதல் இரண்டையும் விலைப்பட்டியல் கைக்கு வருமுன்னே முடித்துவிட வேண்டும். ஒரு மெஷினில் மனம் விழுந்த பிறகு நிறை கொடுத்தால், கையே அந்த மெஷினுக்குச் சாதகமாக எழுதும். நல்ல மனிதர்களும் இதில் தவறுகிறார்கள், வேண்டுமென்று செய்வதில்லை.

யாழ்ப்பாணத்து வேலைக்கு என்னென்ன அளவுகோல் எழுத வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுப்பேன். வேறு ஊருக்கு எழுதிய பட்டியலைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினால் சரிவராது.

முதலில் நிலம். வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே வாளியின் பல் கல்லில் உரசும் சத்தம் கேட்கும். அங்கே பிரேக்கர் (கல்லுடைக்கும் கருவி) பூட்டலாமா, அதை இயக்க மெஷினின் ஹைட்ரோலிக் எண்ணெய் ஓட்டம் போதுமா என்பது பெரிய கேள்வி. வடமராட்சி கிழக்கில் மணற்காடு பக்கம் போனால் மணல். நாவற்குழி, அரியாலைப் பக்கம் கடல்நீரேரி ஓரம் என்றால் இளகிய நிலம், மாரியில் டயர் மெஷின் புதையும். அங்கே சங்கிலித் தடம் உதவும். ஆனால் அதே சங்கிலி மெஷின் காப்பெற் வீதியில் ஓடினால் வீதியைக் கெடுக்கும், ஏற்றி இறக்கத் தனி வாகனமும் வேண்டும்.

அடுத்தது இடம். ஒழுங்கையின் அகலம், கை திரும்பும் வட்டம், டிப்பர் நிற்கும் இடம், தலைக்கு மேலே போகும் மின்கம்பி. பெக்கோவின் அகலம் ஏறத்தாழ 2.3 மீற்றர். 3 தொன் மினி எக்ஸ்கவேட்டர் ஏறத்தாழ 1.5 மீற்றர். எட்டு அடி ஒழுங்கைக்குள் இந்த வித்தியாசம்தான் எல்லாம்.

பிறகு திருத்த வேலை. இங்கே எந்த மெஷினுக்குக் கை பழகிய மெக்கானிக் இருக்கிறார்? பாகம் கடையில் கிடைக்குமா, கொழும்பிலிருந்து வர வேண்டுமா? ஒரு சீல் உடைந்து ஐந்து நாள் நின்றால் அந்த ஐந்து நாளும் கூலியாட்களுக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். தீவுப் பகுதி என்றால் இன்னும் கடினம். ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் பாலத்தால் போகலாம். நெடுந்தீவுக்கு மெஷினும் மெக்கானிக்கும் குறிகட்டுவானிலிருந்து கடல் தாண்ட வேண்டும்.

டீசல். 2022 இல் பம்புக்கு முன்னால் வரிசையில் நின்றதும், பிறகு கியூஆர் குறியீட்டில் பங்கீடாக வாங்கியதும் யாருக்கும் மறந்திராது. அந்த வருடம் எண்ணெய் குறைவாகக் குடிக்கும் மெஷின் வைத்திருந்தவர் வேலையைத் தொடர்ந்தார்.

நான் விடாமல் சேர்க்கும் இன்னொன்று எண்ணெய்க் கசிவு. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே எது ஊற்றினாலும் கீழே இறங்கும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த வேதனையை நாங்கள் கண்டவர்கள். பழைய ஹைட்ரோலிக் குழாயோடு ஒரு மெஷினைக் கிணற்றடியில் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

ஐந்து முதல் ஏழு அளவுகோல் போதும். இருபது எழுதினால் முக்கியமானது கூட்டத்தில் காணாமல் போகும்.

எல்லா அளவுகோலுக்கும் புள்ளி போட வேண்டுமா?

இல்லை. சிலவற்றை வாசலிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 'ஒழுங்கைக்குள் வர வேண்டும்', 'பிரேக்கர் பூட்ட முடிய வேண்டும்', 'கசியக் கூடாது' என்பவை கட்டாய நிபந்தனைகள். அவற்றில் தவறும் மெஷின் பட்டியலுக்குள்ளேயே வரக் கூடாது. புள்ளிக் கூட்டலில் ஒரு ஆபத்து உண்டு: ஒன்றில் பெற்ற நல்ல புள்ளி இன்னொன்றின் குறையை மூடிவிடும். உள்ளே நுழையவே முடியாத மெஷின், மலிவு என்ற ஒரே காரணத்தால் முதலிடம் வருவதை நான் தாளில் கண்டிருக்கிறேன்.

எல்லா அளவுகோலிலும் இன்னொரு மெஷினை விடப் பின்தங்கியதையும் அப்போதே நீக்கிவிடலாம். மிஞ்சுவதைப் பரேட்டோத் தொகுதி என்பார்கள். இத்தாலியப் பொருளியலாளர் வில்பிரடோ பரேட்டோவின் பெயர் அது.

நிறையை எப்படிக் கொடுப்பது? மனம் போனபடியா?

மனதிலிருந்துதான், ஆனால் ஒழுங்காக. அதற்கு நல்ல வழி 1970களில் தோமஸ் சாட்டி உருவாக்கிய ஏஎச்பி, அதாவது படிநிலைப் பகுப்பாய்வு முறை. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒப்பிடாமல் இரண்டு இரண்டாக எடுத்து, 'இது அதை விட எத்தனை மடங்கு முக்கியம்?' என்று 1 முதல் 9 வரை எண் கொடுக்கிறோம். 1 என்றால் சமம், 9 என்றால் மிக மிக முக்கியம்.

ஒழுங்கை வேலைகள் செய்பவர் ஒருவர் இப்படிச் சொல்கிறார் என்று வைப்போம்: இட வசதி, செலவை விட 2 மடங்கு முக்கியம். இட வசதி, திருத்த வசதியை விட 3 மடங்கு. செலவு, திருத்த வசதியை விட 2 மடங்கு.

ஒவ்வொன்றுக்கும் இட வசதி, செலவு, திருத்த வசதி என்ற ஒழுங்கில் ஒரு வரிசை எழுதுவோம். தன்னோடு தன்னை ஒப்பிட்டால் 1, தலைகீழாக ஒப்பிட்டால் 2க்கு ½, 3க்கு ⅓. இட வசதியின் வரிசையில் 1, 2, 3. பெருக்கினால் 6, அதன் கனமூலம் 1.817. செலவின் வரிசையில் ½, 1, 2. பெருக்கினால் 1, கனமூலமும் 1. திருத்த வசதிக்கு ⅓, ½, 1. பெருக்கினால் ஆறில் ஒன்று, கனமூலம் 0.550. மூன்றையும் கூட்டினால் 3.367. ஒவ்வொன்றையும் அதால் வகுத்தால் நிறை 0.54, 0.30, 0.16. அவ்வளவுதான்.

நான் சொல்வது முன்னுக்குப் பின் முரணாக இருந்தால்?

கணக்கே காட்டிக்கொடுக்கும். ஏஎச்பியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஒருவர், 'இட வசதி செலவை விட 3 மடங்கு, செலவு திருத்த வசதியை விட 3 மடங்கு' என்கிறார். அப்படியானால் இட வசதி திருத்த வசதியை விட 9 மடங்காவது வர வேண்டும். ஆனால் நேரே கேட்டால், 'அவை இரண்டும் சமம்' என்கிறார். இந்த முரணை அளக்கும் எண் இசைவு விகிதம். சாட்டி வைத்த எல்லை 0.10. இவருடைய பதில்களுக்கு அது 0.48 வருகிறது. மேலே பார்த்த முதல் ஆளுக்கு 0.01ஐக் கூடத் தொடவில்லை.

0.10ஐத் தாண்டினால் எண்ணை அழித்துத் திருத்த ஓடாதீர்கள். ஆளோடு இருந்து கதையுங்கள். அநேகமாக அவர் மனதில் இரண்டு வேறு வேலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

யாருடைய கருத்தைக் கேட்க வேண்டும்?

முதலாளியுடையதை மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். மெஷினுக்குள் நாள் முழுக்க இருப்பவர் ஒப்பரேட்டர். அதன் வயிற்றைத் திறந்து பார்ப்பவர் மெக்கானிக். இரண்டு பேரிடமும் தனித்தனியே கேளுங்கள். முதலாளி பக்கத்தில் நின்றால், "நீங்கள் சொல்லுறதுதான் சரி ஐயா" என்ற பதிலைத் தவிர வேறு வராது.

சேர்க்கும்போது சாதாரணச் சராசரி எடுக்கக் கூடாது, பெருக்கல் சராசரி எடுக்க வேண்டும். ஒருவர் 2 என்கிறார், மற்றவர் 8 என்கிறார். பெருக்கினால் 16, வர்க்கமூலம் 4. தலைகீழாகக் கேட்டால் ½, ⅛ என்பார்கள். அதன் பெருக்கல் சராசரி ¼. நேராகக் கேட்டாலும் தலைகீழாகக் கேட்டாலும் ஒரே தீர்ப்பு. சாதாரணச் சராசரியில் நேராக 5 வரும், தலைகீழாக 0.31 வரும். இரண்டும் ஒத்துப்போகாது.

நிறை கிடைத்துவிட்டது. மெஷின்களை எப்படி வரிசைப்படுத்துவது?

சின்ன வேலைகளுக்கு நான் எடுப்பது டொப்சிஸ். 1981 இல் ஹ்வாங், யூன் இருவரும் தந்த முறை. எல்லா அளவுகோலிலும் கிடைத்த மிக நல்ல எண்களைச் சேர்த்து ஒரு 'கனவு மெஷின்' செய்கிறோம். மிக மோசமான எண்களைச் சேர்த்து இன்னொன்று. கனவுக்குக் கிட்டவும் மோசமானதுக்குத் தூரவும் நிற்பதே நல்லது.

மூன்று மெஷின்களை எடுப்போம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் எண்களை நீங்கள் போட வேண்டும். செலவை மணித்தியாலத்துக்குப் பார்க்காமல், ஒரு கியூப், அதாவது 100 கன அடி மண் வெட்டும் செலவாகப் பார்க்கிறேன். சின்ன மெஷின் மணித்தியாலத்துக்கு மலிவாகத் தெரியும், கியூப் கணக்கில் உண்மை வெளிக்கும்.

பெக்கோ: செலவு 100, இட வசதி 5, திருத்த வசதி 9.
3 தொன் மினி: செலவு 130, இட வசதி 9, திருத்த வசதி 4.
7 தொன் எக்ஸ்கவேட்டர்: செலவு 80, இட வசதி 3, திருத்த வசதி 6.

செலவு எண் குறைவாக இருப்பது நல்லது, மற்ற இரண்டும் 9க்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு அளவுகோலிலும் மூன்று எண்களையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். இட வசதிக்கு 25 + 81 + 9 = 115, வர்க்கமூலம் 10.72. ஒவ்வொரு எண்ணையும் அதால் வகுத்து நிறையால் பெருக்குங்கள். மினிக்கு 9 ÷ 10.72 × 0.54 = 0.453. இப்படி ஒன்பது கட்டங்களையும் நிரப்பி, கனவு மெஷினிலிருந்தும் மோசமானதிலிருந்தும் உள்ள தூரங்களைக் கண்டுபிடியுங்கள் (மூன்று வித்தியாசங்களையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பதே தூரம்). மினிக்குக் கனவிலிருந்து தூரம் 0.108, மோசமானதிலிருந்து 0.302. பின்னதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.74. அதே வழியில் பெக்கோவுக்கு 0.39, 7 தொன்னுக்கு 0.22.

ஒழுங்கை வேலைக்காரருக்கு மினி. கியூப்புக்குச் செலவு கூடிய மெஷின்தான் முதலாவதாக வந்திருக்கிறது.

அப்படியானால் எல்லோரும் மினி வாங்கலாமா?

கூடாது. வெளி நிலத்தில் வேலை எடுக்கும் இன்னொருவரைப் பாருங்கள். அவருக்குச் செலவு 0.40, திருத்த வசதி 0.35, இட வசதி 0.25. மெஷின்களையும் புள்ளிகளையும் மாற்றவில்லை. இப்போது பெக்கோவுக்கு 0.63, மற்ற இரண்டுக்கும் 0.43. முதலிடம் மாறிவிட்டது.

'நல்ல மெஷின் எது?' என்று கேட்டு வருபவரிடம் நான் முதலில் போன வருடம் செய்த வேலைகளின் பட்டியலைக் கேட்பது இதனால்தான். பக்கத்து ஊர்க்காரர் வாங்கி நன்றாக உழைத்தார் என்பது உங்களுக்குச் சான்று ஆகாது. அவருடைய நிறை வேறு.

விடை வந்த பிறகு ஒவ்வொரு நிறையையும் பத்தில் ஒரு பங்கு கூட்டியும் குறைத்தும் பாருங்கள். முதலிடம் மாறாவிட்டால் நம்பலாம். கொஞ்சம் அசைத்ததும் மாறினால் இரண்டு மெஷினும் ஏறத்தாழ ஒன்றே, அப்போது விலை பேசுவதில் கவனத்தை வையுங்கள்.

வேறு முறைகளும் இருக்கிறதா?

நிறைய. பிரான்சில் பேர்னார்ட் ருவா 1960களில் தொடங்கிய எலெக்ட்ரே முறையில், ஒரு அளவுகோலில் மிகவும் மோசமானதை 'வீட்டோ' போட்டு நிறுத்தலாம். குறையை மூடிவிடும் பிரச்சினைக்கு அது நல்ல மருந்து. புரொமெதே, விகோர் போன்றவையும் பயன்பாட்டில் உண்டு. மூன்று நான்கு மெஷினுக்கு இவ்வளவும் தேவையில்லை.

புதிதாக ஒரு மெஷினைச் சேர்த்ததும் பழைய இரண்டின் வரிசை மாறிவிட்டது. கணக்குப் பிழையா?

இல்லை. இது இந்த முறைகளில் தெரிந்த குணம், 1983 இல் பெல்ட்டன், கியர் இருவரும் ஏஎச்பியில் இதைக் காட்டினார்கள். புள்ளிகள் ஒன்றை ஒன்று சார்ந்தே வகுக்கப்படுவதால் இப்படி நடக்கும். விற்பவர் ஒருவர் கடைசி நேரத்தில் வாங்கவே முடியாத விலையில் ஒரு மெஷினைப் பட்டியலில் நுழைத்தால் கவனம். பட்டியலை மூடிய பிறகே கணக்குப் போடுங்கள்.

ஒரு எக்ஸ்கவேட்டருக்கு எத்தனை டிப்பர் என்பதையும் இப்படிப் பார்க்கலாமா?

இது தெரிவு அல்ல, உகப்பாக்கம், அதாவது மிகப் பொருத்தமான அளவைத் தேடுவது. செலவும் நேரமும் இரண்டும் குறைய வேண்டும். பெரிய வேலைத்தளங்களுக்குக் கல்யாண்மோய் தேப் குழுவினர் 2002 இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ 2 போன்ற மரபியல் வழிமுறைகளை (பல விடைகளைக் கலந்து கலந்து நல்லவற்றை வடித்தெடுக்கும் கணக்குகளை) கணினியில் ஓட்டுவார்கள். எங்கள் அளவுக்கு ஒரு வகுத்தல் போதும்.

ஒரு டிப்பரை நிரப்ப 6 நிமிடம். போய்க் கொட்டித் திரும்ப 24 நிமிடம். மொத்தம் 30. முப்பதை ஆறால் வகுத்தால் 5 டிப்பர். நான்கு விட்டால் ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸ்கவேட்டர் 6 நிமிடம் சும்மா நிற்கும். ஆறு விட்டால் ஒன்று எப்போதும் வரிசையில் நிற்கும், வேலையும் கூடாது. வழியில் ரயில் கடவையோ பள்ளிக்கூடம் விடும் நேரமோ இருந்தால் டிப்பர்கள் ஒன்றாகச் சேர்ந்து வரும், கணக்குக் குழம்பும். ஒரு நாள் மணிக்கூட்டோடு நின்று இருபது சுற்றை எழுதிய பிறகு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வருடத்தில் எத்தனை மணித்தியாலம் ஓடும் என்பதே கேள்வி. மெஷின் நின்றாலும் ஓடினாலும் வருடம் 24 இலட்சம் செலவு (லீசிங், தேய்மானம், காப்புறுதி) என்று வைப்போம். ஓடினால் டீசல், ஆள், திருத்தம் எல்லாம் சேர்த்து மணிக்கு 3,000. வாடகைக்கு எடுத்தால் எல்லாம் உட்பட மணிக்கு 6,000. சொந்த மெஷினில் மணிக்கு மிஞ்சுவது 6,000 − 3,000 = 3,000. இருபத்துநான்கு இலட்சத்தை அந்த 3,000ஆல் வகுத்தால் 800 மணித்தியாலம். அதற்குக் கீழே ஓடுமானால் வாடகைதான் இலாபம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். நான் கண்ட பலர் பன்னிரண்டு மாதத்துக்கும் எண்ணி, மூன்று மாத லீசிங்கை வேலையில்லாமல் கட்டினார்கள்.

இதற்கு மென்பொருள் வாங்க வேண்டுமா?

வேண்டாம். எக்செல் போதும், கைத்தொலைபேசியில் இருப்பதும் சரி.

பாவித்த மெஷினுக்கு எப்படிப் புள்ளி போடுவது?

மணித்தியால மீற்றரை மட்டும் நம்பிப் போடாதீர்கள், அதை மாற்றலாம். வாளியைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வைத்து, கையால் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மூட்டுகளில் உள்ள பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால் ஆட்டம் தெரியும். எஞ்சினை நிறுத்தி மெஷினின் கையை உயரத்தில் விட்டு ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது வாளி கீழே இறங்கியிருந்தால் சிலிண்டரிலோ வால்விலோ உள்கசிவு. வாளிக்குக் கீழே மட்டும் ஒருவரும் நிற்க வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போகுமுன்னே சூடாக்கி வைத்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள். இந்தச் சோதனைகளின் முடிவை அப்படியே 1 முதல் 9 வரை புள்ளியாக்கலாம்.

கணக்கு ஒன்றைச் சொல்கிறது, மனம் வேறொன்றைச் சொல்கிறது. எதைக் கேட்பது?

இரண்டையும். மனம் மறுத்தால் பெரும்பாலும் பட்டியலில் எழுதாத ஒரு அளவுகோல் இருக்கும். ஒருவர் மினி முதலிடம் வந்தும் வாங்கத் தயங்கினார். கிண்டிக் கிண்டிக் கேட்டபோது, அவரிடம் பதினைந்து வருடம் வேலை செய்யும் ஒப்பரேட்டருக்கு பெக்கோ மட்டுமே ஓட்டத் தெரியும் என்று சொன்னார். அது நல்ல காரணம். 'ஆள்' என்று ஒரு வரியைச் சேர்த்து, நிறையைத் திரும்பக் கேட்டு, மறுபடி போட்டோம். மினிதான் வந்தது, ஆனால் இடைவெளி பாதியாகக் குறைந்திருந்தது. அவர் அந்த ஒப்பரேட்டரை இரண்டு கிழமை மினியில் பழகவிட்டு, ஒப்பரேட்டர் சரி என்ற பிறகே முற்பணம் கட்டினார்.